மலையும் பல்சக்கரமும்

பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே அரண் போல நிற்பது பிரெனீஸ் மலைத்தொடர். அதில் டூர்மலே என்று ஒரு கணவாய் உண்டு. அதன் உயரம் 2,115 மீட்டர். ஏறக்குறைய நம் கொடைக்கானலின் உயரம். 1910-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், 'டூர் த பிரான்ஸ்' என்னும் புகழ்பெற்ற சைக்கிள் போட்டி முதன்முறையாக அக்கணவாயைக் கடந்து சென்றது. அன்று ஒரே நாளில் வீரர்கள் கடக்க வேண்டிய தொலைவு 326 கிலோமீட்டர். பாதையோ கல்லும் புழுதியும் நிறைந்த மலைப்பாதை. அவ்வாண்டின் வெற்றி வீரரான ஒக்டாவ் லாபீஸ் கணவாயின் உச்சியை முதலில் அடைந்தார். ஆனால் ஏற்றத்தின் ஒரு பகுதியைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கடந்தார். குஸ்தாவ் கரிகு என்பவர் மட்டும் இறங்காமல் ஏறி முடித்தார். அதற்காக அவருக்கு 100 பிராங்க் தனிப் பரிசு வழங்கப்பட்டது.

இச்செய்தியோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்ப்போம். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1902-இல், பிரான்ஸின் சுற்றுலாச் சங்கம் ஒன்று அதே மலைப் பகுதியில் சைக்கிள்களுக்கு ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மார்த் ஹெஸ் என்னும் பெண்மணி கலந்துகொண்டார். அவர் பாதை முழுவதிலும் கால் தரையில் படாமல் ஓட்டி முடித்தார் என்று அக்காலச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின.

அப்பெண்மணி லாபீஸைவிட வலிமை மிக்கவரா? அல்லர். அவருடைய சைக்கிளில் கியர் மாற்றும் அமைப்பு இருந்தது. அவ்வீரர்களின் சைக்கிள்களில் அது இல்லை. அப்படி ஒன்று உலகில் உண்டு என்பதை அவர்கள் அறியாதவர்களும் அல்லர். பின் ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? இவ்வினாவுக்கு விடை தேடினால், சைக்கிளின் வரலாற்றோடு மனித உழைப்பைப் பற்றிய ஒரு பெரிய விவாதமும் நமக்குத் தெரிய வரும்.

1870-களில் ஐரோப்பியச் சாலைகளில் ஓடிய சைக்கிள் விந்தையான தோற்றம் உடையது. அதன் முன் சக்கரம் ஆள் உயரம் இருக்கும். பின் சக்கரம் மிகச் சிறியது. பெடல்கள் முன் சக்கரத்தின் அச்சிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருந்தன. பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரு முறைதான் சுற்றும். எனவே விரைவாகச் செல்ல வேண்டுமானால் பெரிய சக்கரம் வேண்டும். ஆனால் சக்கரத்தின் இருபுறமும் கால் எட்ட வேண்டுமே! ஆகவே சட்டைக்கு அளவெடுப்பது போல, வாங்குபவரின் கால் நீளத்துக்கேற்ற சக்கரத்தையே வாங்க வேண்டியிருந்தது. நெட்டையருக்கு 60 அங்குலச் சக்கரம். குட்டையருக்கு 50 அங்குலச் சக்கரம். உடலுக்கு வண்டி பொருந்துவதும், வண்டி செல்லும் வேகமும் அன்று ஒன்றோடொன்று பிணைந்து கிடந்தன. குறுகிய கால் உடையவன் எவ்வளவு வலிமை உடையவனாயினும், பெரிய சக்கரத்தின் பயன் அவனுக்குக் கிட்டவில்லை.

இத்தளையை அறுத்தது சங்கிலி. 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் சைக்கிளை வெளியிட்டார். அதன் சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒத்த அளவுடையவை. பெடலின் சுழற்சி, சங்கிலியின் வழியே பின் சக்கரத்தைச் சென்றடைந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1888-இல், பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை அமைத்தார். இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் உருவம் அப்போதே நிறைவு பெற்றுவிட்டது என்று சொல்லலாம்.

சங்கிலி செய்த உதவியை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்துக்கு 48 பற்கள். பின் சக்கரத்தின் பல்சக்கரத்துக்கு 16 பற்கள் என்று கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் மூன்று முறை சுற்றும். பின் சக்கரத்தின் விட்டம் 27 அங்குலமானால், அது 81 அங்குல விட்டமுள்ள பழைய பெருஞ்சக்கரம் ஒன்றுக்கு ஒப்பாகும். 81 அங்குலச் சக்கரத்தின் இருபுறமும் எட்டும் கால்கள் எந்த மனிதனுக்கு உண்டு? சைக்கிளின் கியரை அங்குலத்தில் சொல்லும் வழக்கம் ஆங்கிலம் பேசுவோரிடையே நிலைத்ததற்கு இதுவே காரணம். அன்று முதல் வேகம் பற்களின் கணக்காயிற்று. உடலுக்குப் பொருந்தும்படி இருக்கையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் தனி வேலையாயின. நெட்டையரும் குட்டையரும், ஆடவரும் பெண்டிரும் ஒரே வேகத்தில் செல்வதற்கு வழி பிறந்தது.

ஆயினும் ஒரு குறை எஞ்சி நின்றது. பற்களின் கணக்கை ஒரு முறை தேர்ந்தெடுத்துவிட்டால் அதுவே நிலையானது. சமவெளிக்கு ஏற்றது மலைக்கு ஆகாது. மலைக்கு ஏற்றது சமவெளியில் காலை வீணே சுழற்றும். எதிர்க்காற்றில் பள்ளிக்குச் சைக்கிள் மிதித்த மாணவர் எவரும் இத்துன்பத்தை அறிவர்.

கியர் புதிதாக ஆற்றலைப் படைப்பதில்லை என்பதை இங்கே தெளிவாக உணர வேண்டும். ஆளும் வண்டியுமாக 80 கிலோகிராம் எடையை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்கு வேண்டிய வேலை எந்தக் கியரிலும் ஒன்றே. கியர் அவ்வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துத் தருகிறது, அவ்வளவே. பெடலின் ஒரு சுற்றுக்கு 4.2 மீட்டர் செல்லும் வண்டியில், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மலையேறுபவர் நிமிடத்துக்கு 32 முறைதான் பெடலைச் சுற்றுவார். ஒவ்வொரு சுற்றிலும் உடலின் முழுப் பாரத்தையும் பெடலில் இறக்க வேண்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் செல்லும் வண்டியிலோ அதே வேகத்துக்கு 64 முறை சுற்றுவார்; ஒவ்வொரு முறையும் வேண்டிய விசை பாதியே. மூட்டையைத் தலையில் ஒரே சுமையாக ஏற்றுவதற்கும், இரு நடையாகச் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இவ்வுண்மையை வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தவர் பால் த விவி என்னும் பிரெஞ்சுக்காரர். 1853-இல் பிறந்த இவர், பட்டு வணிகத்தை விட்டுவிட்டு, செந்த் எத்தியேன் நகரில் சைக்கிள் தொழிலில் இறங்கினார். 1887-இல் சைக்கிளுக்கென ஓர் இதழையும் தொடங்கினார். 'வெலோசியோ' என்பது அவருடைய புனைபெயர். அந்நகரைச் சுற்றிலும் மலைகள். அவற்றில் ஏறி இறங்கியே அவர் தம் கொள்கையைச் சோதித்தார். தொடக்கத்தில் இருவேறு பல்சக்கரங்களை அமைத்து, சங்கிலியைக் கையாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார். பின்னர், ஓடும்போதே சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவிகள் வந்தன. தண்டவாளத்திலிருந்து விலக்குவது என்ற பொருளில் அக்கருவிக்கு 'டெரெய்லர்' என்று பெயர் வழங்கிற்று. முதியவரும் எளியவரும் மலையைக் கண்டு அஞ்சாமல் ஊர்தோறும் செல்ல வேண்டும் என்பதே வெலோசியோவின் விருப்பம்.

எதிரணியில் நின்றவர் ஹென்றி தெக்ராஞ். இவரும் சாதாரண மனிதர் அல்லர். 1893-இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை நிறுவிய சைக்கிள் வீரர். பின்னர்ப் பத்திரிகை ஆசிரியராகி, 1903-இல் டூர் த பிரான்ஸ் போட்டியைத் தொடங்கியவர். கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே தகும். இளைஞன் தன் தசையால் வெல்ல வேண்டுமேயன்றிப் பொறியின் சூழ்ச்சியால் வெல்லலாகாது என்பது அவருடைய கருத்து. பல ஆண்டுகள் அவருடைய சொல்லே போட்டியின் சட்டமாக இருந்தது.

அவரை வெறும் பிடிவாதக்காரர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. வெற்றி வீரனுடையதா, சைக்கிள் கம்பெனியுடையதா என்ற ஐயம் அவரை விடாமல் வாட்டியது. 1930-இல் அவர் கம்பெனி அணிகளை நீக்கி, நாட்டு அணிகளைப் புகுத்தி, பெயர் பொறிக்கப்படாத ஒரே மாதிரியான மஞ்சள் நிறச் சைக்கிள்களை எல்லாருக்கும் வழங்கினார். மனிதனோடு மனிதன் மோத வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் நேர்மை இருந்தது.

ஆனால் அக்கொள்கையின் விலையை மலையில் செலுத்தியவர்கள் வீரர்களே. அவர்களுடைய பின் சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்சக்கரங்கள் இருந்தன. மலையடிவாரம் வந்ததும் வீரர் கீழே இறங்கி, அச்சின் திருகுகளைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் பொருத்தி, மீண்டும் முறுக்கி ஏற வேண்டும். உச்சியை அடைந்தபின் இறக்கத்துக்காக மறுபடியும் இதே வேலை. 1927 நவம்பரில் இத்தாலியின் குரோச்சே தாவுனே கணவாயில், பனியில் விறைத்த விரல்களால் திருகைக் கழற்ற முடியாமல் டூலியோ கம்பன்யோலோ என்னும் வீரர் தவித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. சக்கரத்தை ஒரு நெம்புகோலைத் திருப்பியே கழற்றும் அமைப்பு அவர் பெயரோடு வழங்குகிறது. 1933-இல் அவர் தொடங்கிய தொழிற்சாலை உலகப் புகழ் பெற்றது. பிரான்ஸிலும் லூசியன் ஜுய் என்பவர் 1928 முதல் 'சிம்ப்ளெக்ஸ்' என்னும் கியர் மாற்றியைச் செய்து பரப்பினார். மலைப்பாதைகளில் விடுமுறைக்குச் செல்லும் சாதாரண மக்கள், மாபெரும் வீரர்களைவிட நல்ல கருவிகளோடு சென்ற விந்தையான காலம் அது.

வெலோசியோ 1930-இல் மறைந்தார். தம் கருவி பெரும்போட்டியில் ஏற்கப்பட்டதை அவர் காணவில்லை. 1936-இல் தெக்ராஞ் உடல்நலம் குன்றிப் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, 1937-இல், டூர் த பிரான்ஸின் வீரர்கள் அனைவருக்கும் கியர் மாற்றி அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு ரோஜே லாபெபி வெற்றி பெற்றார். தெக்ராஞ் அஞ்சியபடி போட்டி பாழாகிவிட்டதா? இல்லை. எல்லாரிடமும் கியர் வந்தபின் வலியவனே வென்றான். ஆனால் வலிமையோடு, எந்த ஏற்றத்தில் எந்தப் பல்சக்கரம் என்று அறியும் அறிவும் வீரனுக்கு வேண்டியதாயிற்று.

இவ்விவாதம் 1937-உடன் முடிந்துவிடவில்லை. தெக்ராஞ் சாதனை நிறுவிச் சரியாக நூறாண்டுகள் கழித்து, 1993-இல், ஸ்காட்லாந்துக்காரரான கிரேயம் ஓப்ரி தாமே செய்த சைக்கிளில் அதே ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். கைகளை மார்போடு மடக்கி, காற்றைக் கிழித்துச் செல்லும்படி அவர் அமர்ந்த முறை புதுமையானது. சைக்கிளைத் தம் உடலுக்கேற்ப அமைத்துக்கொண்ட அவரது முறையை, 1994-இல் பன்னாட்டுச் சைக்கிள் சங்கம் தடை செய்தது. பழைய வழக்கு, புதிய நீதிமன்றம்!

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மையை நாம் எடுத்துக்கொள்ளலாம். போட்டிக்கு விதி வேண்டும். எல்லாருக்கும் ஒரே கருவி என்பது அங்கே நியாயம். ஆனால் போட்டியின் விதியை வாழ்க்கையின் அறமாகக் கொள்வது பிழை. இளைஞனுக்குப் பெருமை தரும் ஒற்றைப் பல்சக்கரம், தபால் சுமப்பவருக்கும் முதியவருக்கும் துன்பமே தரும். கருவியின் உதவியைப் பெறுவது உழைப்பை இகழ்வதாகாது. உழைப்பு வீணாகாமல் காப்பதே ஆகும். தசையின் வலிமை மதிக்கத்தக்கது. அவ்வலிமையை அளந்து பயன்படுத்தும் அறிவும் அதே அளவு மதிக்கத்தக்கது.

ஒரு காலத்தில் மனிதனின் காலை அளந்து, அதற்குமேல் வேகம் இல்லை என்றது பெருஞ்சக்கரம். பின்னர், மலைக்கும் சமவெளிக்கும் ஒரே பல்சக்கரம் போதும் என்றது பிடிவாதம். இரண்டையும் கடந்து, மனிதனுக்கேற்ப வண்டியை அமைக்கக் கற்றுக்கொண்ட கதையே சைக்கிளின் கதை. அடுத்த முறை ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிச் செல்பவர் ஒருவரைக் காணும்போது, அவருடைய கால்களை மட்டும் பார்த்து இகழ வேண்டாம். அவருடைய பல்சக்கரத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள்.