வலம்புரிச் சங்கும் கைத்தன்மையும்: முத்துக்குளித்துறை முதல் நானோபொருள் ஒளியியல் வரை

ஆய்வுச் சுருக்கம்

தூத்துக்குடிக் கடற்கரையின் சங்கும் முத்தும் முறையே வடிவத்தின் கைத்தன்மை, நுண்ணடுக்குகளின் ஒளிவிளைவு என்னும் இரு அறிவியல் சிக்கல்களுக்குச் சான்றாகின்றன. இவ்விரு சிக்கல்களும் இன்றைய கைரல் கனிம நானோபொருள் ஆய்வில் ஒன்றுகூடுவதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வலம்புரி, இடம்புரி ஆகியவற்றைக் கலைச்சொற்களாக ஆளும்போது எழும் முரணும் சுட்டப்படுகிறது.

முன்னுரை

கயத்தாறு முதலிய உள்நாட்டு ஊர்களையும் கொற்கை, பழையகாயல் முதலிய பழந்துறைகளையும் கொண்டது இன்றைய தூத்துக்குடி மாவட்டம். பாண்டியர் துறைமுகமாகிய கொற்கையின் அகழாய்வுகளில் சங்கு வளையல் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பும் சங்குகுளிப்பும் அரசின் உரிமைகளாக இருந்தன. இவற்றின் மேற்பார்வை அலுவலராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியச் சங்கு குறித்த தம் நூலை 1914இல் வெளியிட்டார். தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றுபோயிற்று.

பெயரும் திசையும்

டர்பினெல்லா பைரம் என்னும் சங்கினத்தில் மிகப் பெரும்பான்மையானவற்றை உயிரியலார் வலக்கை வகை என்பர். தமிழ் மரபு அவற்றையே இடம்புரி என்கிறது. மிக அரிதாகக் கிடைக்கும் வலம்புரி உயிரியலில் இடக்கை வகையாகும். இரு மரபுகளும் தத்தம் அளவில் பிழையற்றவை. சுருள்முனையை மேலே வைத்து வாயைத் தம்மை நோக்கித் திருப்பினால், பெரும்பான்மைச் சங்கின் வாய் வலப்பக்கம் அமையும். சுருள்முனையைக் கீழாக்கினால் அதே வாய் இடப்பக்கம் அமையும். சங்கின் சுருள் மாறவில்லை; பிடித்த நிலை மட்டுமே மாறியது. எனவே கைத்தன்மை பொருளுக்கு உரியது. அதன் பெயரோ காண்போரின் மரபுக்கு உரியது.

ஒரு வடிவம் தன் ஆடிப் பிம்பத்தோடு பொருந்தாத பண்பினை, கை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று ‘கைராலிட்டி’ எனக் கெல்வின் பிரபு 1893ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு உரையில் பெயரிட்டார். அதன் பொருண்மையைச் சங்கு குளிப்போரும் வணிகரும் அதற்கு நெடுங்காலம் முன்பே வேறுபடுத்தி அறிந்து, விலையாலும் வேறுபடுத்தியிருந்தனர்.

முத்தின் ஒளி

முத்துச்சிப்பியின் உட்புறமும் முத்தும் அரகோனைட்டு எனும் கால்சியம் கார்பனேட்டுத் தகடுகளால் ஆனவை. ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிப்புள்ள அத்தகடுகளைக் கரிமப் படலங்கள் பிரிக்கின்றன. தகட்டின் தடிப்பு ஒளியின் அலைநீளத்தை ஒத்திருப்பதால் குறுக்கீட்டு விளைவு தோன்றி நிறம் பிறக்கிறது. இதற்குச் சாயம் எதுவும் தேவையில்லை. சி. வி. இராமன் 1934–35ஆம் ஆண்டுகளில் வானவில் நிறம் காட்டும் சிப்பிகளைப் பற்றி இந்திய அறிவியல் கழக இதழில் தொடர் கட்டுரைகள் எழுதினார். 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் இணைந்து முத்தின் அமைப்பையும் ஒளியியல் பண்பையும் ஆராய்ந்தார். நுண்ணமைப்பே நிறத்தைத் தரும் என்னும் கருத்து இவ்வாய்வுகளின் மையமாகும்.

ஒளியும் காந்தமும்

குவார்ட்சுப் படிகம் ஒளியின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றுவதை அராகோ 1811இல் கண்டார். காந்தப்புலத்தில் வைத்த கண்ணாடியும் அவ்வாறே சுழற்றுவதைப் பாரடே 1845இல் கண்டறிந்தார். இரண்டும் தோற்றத்தில் ஒன்றுபோல்வன, இயல்பில் வேறானவை. ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பினால் குவார்ட்சின் சுழற்சி நீங்கிவிடும். காந்தச் சுழற்சி இரட்டிக்கும். காந்தச் சுழற்சியில் கைத்தன்மை இல்லை எனக் கெல்வினும் வலியுறுத்தினார். இவ்விரு விளைவுகளையும் இணைக்கும் காந்த–கைரல் விளைவினை 1997இல் ரிக்கன், ரௌபாக் ஆகியோர் யூரோப்பியச் சேர்மம் ஒன்றில் ஆய்வுவழி நிறுவினர்.

நானோ அளவில் கைத்தன்மை

குளூட்டாதையோன் என்னும் கைரல் மூலக்கூறு போர்த்திய பொன் நுண்திரள்கள் வலிய ஒளிச்சுழற்சிப் பண்பு கொண்டவை எனச் ஷாஃப், வெட்டன் ஆகியோர் 2000இல் காட்டினர். சிஸ்டீன் போர்த்திய கோபால்ட் ஆக்சைடு நானோதுகள்களின் அணிக்கோவை திரிபுற்றுக் கைத்தன்மை பெறுவதையும், காந்தப்புலத்தால் அவற்றின் ஒளி ஊடுருவலை மாற்ற இயலுவதையும் 2018இல் கோட்டோவ் குழுவினர் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில், அமில அமினோ அமிலங்களின் இடக்கை, வலக்கை வடிவங்கள் கால்சியம் கார்பனேட்டின் சுருளமைப்பை எதிரெதிர்த் திசைகளில் வளர்ப்பதாக மற்றோர் ஆய்வு நிறுவியது. எனினும் இதனைக் கொண்டு சங்கின் சுருளுக்கு விளக்கம் கூறுதல் பொருந்தாது. நத்தையினங்களின் சுருள்திசை கருவின் தொடக்கநிலைச் செல்பிரிவிலேயே உறுதியாகிறது. தாதுவின் கைத்தன்மையும் உடலின் கைத்தன்மையும் வெவ்வேறு படிநிலைகளைச் சார்ந்தவை.

முடிவுரை

வலக்கை வகைத் துகளை ‘வலம்புரித் துகள்’ எனத் தமிழாக்கினால், சங்கு மரபறிந்த வாசகர் நேர்மாறான பொருளைக் கொள்ள இடமுண்டு. ஒளியின் சுழற்சிக்கு வலஞ்சுழி, இடஞ்சுழி என்பனவற்றை ஆளும்போதும், ஒளி வரும் திசையை நோக்கிக் காண்போரின் நிலையிலிருந்து கூறப்படுவது எனக் குறித்தல் வேண்டும். கூட்டல், கழித்தல் குறிகளையும் உடன் தருவது ஐயத்தை நீக்கும். வலம்புரி என்னும் சொல் சங்குக்கே உரியதாக நிற்கட்டும். வடிவத்தின் பொதுப்பண்புக்குக் கைத்தன்மை என்பது போதுமானது. திசைச்சொல் ஒவ்வொன்றும் காண்போரின் நிலையைச் சார்ந்தது என்பதை முத்துக்குளித்துறையின் சங்கு உணர்த்துகிறது. கலைச்சொல்லாக்கத்தில் இது கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.