பதிவின் முழுமையும் பதிவின் பொருளும்: தொலைத்தொடர்பு நிபுணர் சாட்சியம் பற்றி

கொலை வழக்கொன்றில் கைபேசி நிறுவனத்தின் அழைப்பு விவரப் பதிவு சான்றாவணமாகக் குறியிடப்படும்போது நீதிமன்றத்தின் முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நிறுவனத்தின் கணினியில் இருந்தபடியே அந்தப் பதிவு மாறாமல் வந்திருக்கிறதா என்பது ஒன்று. அதிலுள்ள ஒரு வரி, சம்பவ நேரத்தில் எதிரி எங்கே இருந்தார் என்பதைக் காட்டுமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு இந்தியச் சட்டம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் எங்கும் இல்லை. கோபுரப் பதிவிலிருந்து இருப்பிடத்துக்குத் தாவும் ஊகம் ஒரு கருத்துச் சாட்சியம் என்பதும், அதைச் சொல்பவர் வலையமைப்பை அறிந்த நிபுணராக இருக்க வேண்டும் என்பதும், அப்பதிவால் எதைச் சொல்ல முடியாது என்பதை வெளிப்படுத்துவதே அவருடைய முதற்கடமை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அழைப்பு விவரப் பதிவு கட்டணம் கணக்கிடவும் வலையமைப்பைப் பராமரிக்கவும் உருவானது. யார் யாரை அழைத்தார், எத்தனை நொடி பேசினார், அழைப்பு எந்தக் கோபுரத்தின் எந்தப் பகுதியில் தொடங்கி எதில் முடிந்தது என்பவை அதில் இருக்கும். கோபுரத்தின் பெயரைக் கண்டதும் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஆள் அதற்குள் இருந்தார் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கைபேசி தனக்கு மிக அருகிலுள்ள கோபுரத்தைத் தேடுவதில்லை. தன்னிடம் வலுவாகவும் தெளிவாகவும் வந்து சேரும் சமிக்ஞையைத்தான் தேடுகிறது. இடையில் ஒரு கட்டடமோ குன்றோ நின்றால் பக்கத்துக் கோபுரம் கைவிட்டுப் போய்விடும்; ஏரியோ வெட்டவெளியோ இருந்தால் தொலைவிலுள்ளது கைக்கு எட்டும். அருகிலுள்ள கோபுரத்தில் நெரிசல் மிகுந்தால் வலையமைப்பே அழைப்பை வேறொன்றுக்குத் தள்ளிவிடும். ஜிஎஸ்எம் முறையில் ஒரு கோபுரத்தின் எல்லை கோட்பாட்டளவில் 35 கிலோமீட்டர் வரை நீளும். நெருக்கமான நகரத் தெருக்களில் சில நூறு மீட்டருக்குச் சுருங்கும். பெரும்பாலான கோபுரங்கள் மூன்று திசைகளுக்கு ஏறத்தாழ 120 பாகை வீதம் பிரிக்கப்பட்டிருந்தாலும் அந்தப் பிரிவுகள் விளிம்புகளில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. ஆன்டெனாவின் சாய்வைப் பொறியாளர்கள் அவ்வப்போது மாற்றுவார்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கழித்து அதே இடத்தில் எடுக்கும் அளவீடு, சம்பவ நாளின் வலையமைப்பை அளப்பதாகாது.

இந்தச் சிக்கல் முழுவதையும் ஒரே வழக்கில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து அத்னான் சையது வழக்கைப் பார்க்க வேண்டும். 1999 ஜனவரி 13 அன்று ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்டார். அவருடைய உடல் லீக்கின் பார்க் என்ற பூங்காவில் புதைக்கப்பட்டிருந்தது. அன்று மாலை 7.09க்கும் 7.16க்கும் சையதின் கைபேசிக்கு வந்த இரண்டு அழைப்புகள் அப்பூங்காவை நோக்கிய கோபுரப் பகுதியில் பதிவாகியிருந்தன. அரசுத் தரப்பு அவற்றை உடல் புதைக்கப்பட்ட நேரத்தோடு பொருத்திக் காட்டியது. ஏடி அண்டு டி நிறுவனத்தின் வானொலி அலைப் பொறியாளர் நிபுணராக வந்தார். அவர் குறிப்பிட்ட இடங்களுக்குச் சென்று, கைபேசியில் அழைத்து, எந்தக் கோபுரம் எடுக்கிறது என்று குறித்துவந்தவர். அவர் சொல்லக்கூடியது, பூங்காவில் இருக்கும் ஒரு கைபேசி அந்தக் கோபுரத்தைப் பயன்படுத்த வாய்ப்புண்டு என்பது மட்டுமே. கைபேசி அங்குதான் இருந்தது என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவர் குழு சையதைக் குற்றவாளி என்றது.

இதே நிறுவனம் அழைப்புப் பதிவுகளைக் காவல்துறைக்குத் தொலைநகலில் அனுப்பியபோது முகப்புத் தாளில் ஓர் எச்சரிக்கை இருந்தது. வெளிச்செல்லும் அழைப்புகள் மட்டுமே இருப்பிடத்துக்கு நம்பத்தக்கவை; உள்வரும் அழைப்புகளை அதற்கு நம்ப முடியாது என்பது அதன் சாரம். 7.09, 7.16 இரண்டுமே உள்வரும் அழைப்புகள். அந்தத் தாள் சாட்சி சொன்ன பொறியாளரிடம் காட்டப்படவில்லை. 2015இல் அவர் தாக்கல் செய்த உறுதிமொழிப் பத்திரத்தில், அந்த எச்சரிக்கையைக் கண்டிருந்தால் அது ஏன் தரப்பட்டது என்று அறிந்துகொள்ளும்வரை பதிவுகளுக்கான விளக்கத்தை உறுதி செய்திருக்க மாட்டேன் என்றார். 2016 ஜூன் மாதம் நீதிபதி மார்ட்டின் வெல்ச், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த எச்சரிக்கையை வைத்துக் குறுக்கு விசாரணை செய்யத் தவறியதைக் காரணம் காட்டித் தீர்ப்பை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் இந்தக் காரணம், உரிய காலத்தில் எழுப்பப்படவில்லை என்று தள்ளப்பட்டது. வழக்கு மேலும் பல திருப்பங்களைக் கண்டது. தண்டனைக் காலம் குறைக்கப்பட்டு, தீர்ப்பு இன்றும் நிற்கிறது. சையது குற்றவாளியா இல்லையா என்பது இங்கே என் பொருளன்று. வலையமைப்பை நன்கு அறிந்த நேர்மையான ஒரு பொறியாளர், தன் நிறுவனத்தின் எச்சரிக்கை ஒன்று தன் பார்வைக்கு வராததால் அரைகுறை அடிப்படையில் சாட்சி சொன்னார் என்பதுதான் பொருள். நிபுணரின் அறிவு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அவரை அழைத்த தரப்பு கையில் எடுத்துக் கொடுத்த தாள்களின் எல்லைக்குள்தான் அது வேலை செய்கிறது.

கோபுரச் சாட்சியம் வெறும் துணைச் சாட்சியம்தானே, அதை மட்டும் வைத்து யாரையும் தண்டிப்பதில்லையே என்று பதில் சொல்லப்படுவதுண்டு. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஓரிகன் மாநிலத்தில் 2002இல் நடந்த ஒரு கொலைக்காகக் குற்றம்சாட்டப்பட்ட பெண், கோபுரத் தரவு தன்னைப் பிணம் கிடந்த பூங்காவில் துல்லியமாக நிறுத்திவிடும் என்று தன் வழக்கறிஞர் வழியாகக் கேட்டு, 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தத் தரவால் அவ்வளவு துல்லியம் தர இயலாது. 2014இல்தான் அவர் வெளியே வந்தார். அங்கே எந்த நிபுணரும் கூண்டில் ஏறவில்லை; எவரும் குறுக்கு விசாரணை செய்யப்படவில்லை. நம் நாட்டில் பிணை மனுவை எதிர்க்கும்போதும் டவர் லொகேஷன் என்ற சொல் இப்படித்தான் வேலை செய்கிறது. சாட்சியத்தின் எடையைத் தீர்ப்பு நாளில் மட்டும் அளந்தால் போதாது.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 1993ஆம் ஆண்டின் டாபர்ட் தீர்ப்புக்குப் பிறகு, நிபுணரின் முறை சோதிக்கப்பட்டதா, அதன் பிழை அளவு தெரியுமா என்று கேட்கக் கடமைப்பட்டவை. 1999இன் கும்ஹோ டயர் தீர்ப்பு அந்தக் கடமையைப் பொறியாளர்கள் முதலிய தொழில்நுட்ப நிபுணர்களுக்கும் விரித்தது. இந்தச் சல்லடையில்தான் 2012இல் சிகாகோவின் எவன்ஸ் வழக்கில் நீதிபதி ஜோன் லெஃப்கோ, புலனாய்வு அதிகாரி ஒருவர் கோபுர எல்லைகளை ஊகித்து வரைந்து இருப்பிடத்தைக் கணித்த முறையைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். எந்த அறிவியல் சமூகமும் அதைச் சோதித்திருக்கவில்லை.

டென்மார்க்கில் நடந்தது இன்னும் பெரிது. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மூலத் தரவைக் காவல்துறை படிக்கத்தக்க வடிவுக்கு மாற்றிய மென்பொருள் சில விவரங்களை உதிர்த்துவந்தது 2019இல் தெரியவந்தது. கைபேசிகள் தவறான கோபுரங்களோடு இணைத்துக் காட்டப்பட்டதும் பின்னர் வெளிப்பட்டது. 2012 முதலான 10,000க்கும் மேற்பட்ட வழக்குகளை மறு ஆய்வு செய்ய நேர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காவலிலிருந்து விடுவிக்கப்பட்டனர். இரண்டு மாதங்களுக்குக் கைபேசித் தரவைச் சாட்சியமாகப் பயன்படுத்துவதே நிறுத்தி வைக்கப்பட்டது. பிழை நிறுவனத்தின் கணினிக்கும் நீதிமன்றத்துக்கும் இடைப்பட்ட ஒரு படியில் இருந்தது. அந்தப் படியைத் திறந்து பார்க்கும் கடமையுள்ள நிபுணர் ஒவ்வொரு வழக்கிலும் இருந்திருந்தால் இத்தனை ஆண்டு பிடித்திருக்காது.

இணைய முகவரியிலும் இதே நிலைதான். 2007இல் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர், ஆர்குட் தளத்தில் சிவாஜி மகாராஜாவை இழிவுபடுத்தும் படத்தை ஏற்றினார் என்று புனேக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரவாடா சிறையில் 50 நாள் வைக்கப்பட்டார். இணையச் சேவை நிறுவனம் தந்த சந்தாதாரர் விவரமே தவறு. இன்று அபாயம் கூடியிருக்கிறது: ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை கைபேசி வலையமைப்புகளில் இயல்பாகிவிட்டது. முகவரியோடு போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் ஆளைச் சுட்ட முடியாது. இதை முன்னறிந்துதான் இணையப் பொறியியல் பணிக்குழு, சேவையகங்கள் போர்ட் எண்ணையும் பதிய வேண்டும் என்று 2011இல் பரிந்துரைத்தது. சேவையகம் உலகப் பொது நேரத்தில் பதிந்ததை இந்திய நேரமாக எடுத்துக்கொண்டால் ஐந்தரை மணி நேர வேறுபாட்டில் வேறொரு வீட்டுக் கதவைக் காவலர் தட்டுவார்.

நிபுணர் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு இங்கிலாந்தின் 1993ஆம் ஆண்டு இக்காரியன் ரீஃபர் தீர்ப்பு தெளிவான விடை தந்தது: அவருடைய கடமை நீதிமன்றத்துக்கு, கூலி கொடுப்பவருக்கு அன்று. விடை இருந்தும் அதே நாட்டில்தான் அஞ்சலகங்களின் ஹொரைசன் கணினி வலையமைப்பை நம்பி 1999 முதல் 2015 வரை நூற்றுக்கணக்கான கிளை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டுக்கும் பொய்க் கணக்குக்கும் தண்டிக்கப்பட்டார்கள். அமைப்பை உருவாக்கிய நிறுவனத்தின் பொறியாளரே அது சரியாக இயங்கியது என்று சாட்சியம் அளித்தவர். தனக்குத் தெரிந்த குறைபாடுகளை அவர் வெளியிடாதது நீதிமன்றக் கடமையை மீறியது என்று அஞ்சலகத்துக்கே 2013இல் சட்டக் கருத்து தரப்பட்டது. நிபுணருக்குரிய கடமைகள் தனக்கு விளக்கப்படவில்லை என்று அவர் 2024இல் பொது விசாரணையில் கூறினார். தொலைவிலிருந்தே கிளைக் கணக்குகளை மாற்ற முடிந்தது என்று 2019 டிசம்பரில் நீதிபதி ஃபிரேசர் கண்டறிந்த வழக்கில், இரு தரப்பும் தனித்தனியே வெளி நிபுணர்களை வைத்திருந்தன. இரண்டாவது நிபுணர் ஒருவர் எதிரே இருந்ததுதான் உண்மையை வெளிக்கொண்டுவந்தது என்பது என் துணிபு.

இந்தியாவில் நிலை என்ன? நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் இல்லாமலேயே அழைப்புப் பதிவுகளை ஏற்றது. 2014இன் அன்வர் தீர்ப்பு சான்றிதழைக் கட்டாயமாக்கியது. 2020இன் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு அதை உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு ஒரு படி மேலே போய், சான்றிதழின் இரண்டாம் பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும் என்கிறது. படிவத்தைப் புரட்டிப் பார்த்தால் அவரிடம் கேட்கப்படுவது ஹாஷ் மதிப்பு. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு மாறிவிடும் என்பதால் பதிவு முழுமையாக இருக்கிறதா என்பதற்கு அது நல்ல சோதனை. தவறான பதிவுக்கும் சரியான ஹாஷ் மதிப்பு உண்டு என்பதையும், பதிவு எதைக் குறிக்கிறது என்பது பற்றி அது வாய் திறப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நிபுணர் கையெழுத்து ஒன்று கோப்பில் இருப்பதாலேயே நிபுணர் ஆய்வு முடிந்துவிட்டது என்ற எண்ணம் இனி வலுப்பெறக்கூடும்.

நீதிமன்றத்துக்கு வருபவர் பெரும்பாலும் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தொடர்பு அதிகாரி. பதிவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்ல அவர் தகுந்தவர். ஆன்டெனாவின் சாய்வோ நெரிசலில் அழைப்பு எப்படித் தள்ளப்பட்டது என்பதோ அவருடைய வேலையில் வருவதில்லை. அவருடைய வாய்மொழியை இருப்பிடச் சான்றாக எடுத்துக்கொள்வது தவறு. இருப்பிடம் வழக்கில் சர்ச்சைக்குரியதானால், அதே அதினியத்தின் 39ஆம் பிரிவின் கீழ் ஒரு நிபுணர் கூண்டில் ஏறி, அந்தப் பதிவோடு ஒத்துப்போகக்கூடிய இடங்கள் யாவும் எவை என்று வரைந்து காட்ட வேண்டும். தனக்குக் கொடுக்கப்பட்ட ஆவணங்களின் பட்டியலையும் இணைக்க வேண்டும். நிபுணர் தன் முடிவின் அடிப்படைகளை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று 2009இல் ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எதிரிக்கு வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவியில் வழக்கறிஞரோடு நிபுணரும் சேர வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் வரை போகத் தேவையில்லை. உயர் நீதிமன்றங்கள் தம் குற்றவியல் நடைமுறை விதிகளிலேயே வழி செய்யலாம். சென்னை உயர் நீதிமன்றம் இதைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம நிபந்தனையின்படி நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் மட்டும் வைத்திருந்தால் போதும். விசாரணை தொடங்கும்போது அந்தக் காலம் கடந்திருக்கலாம். குற்றப்பத்திரிகைக்குக் காத்திராமல், பதிவுகளையும் சம்பவ நாளில் அந்தக் கோபுரம் இருந்த அமைப்பு விவரங்களையும் அழிக்காமல் வைக்கக் கோரும் மனுவை முதல் வாரத்திலேயே தாக்கல் செய்யுங்கள்.