நீண்டகால ஆதரவு வெளியீடு

இயங்குதளத்தின் ஒரே பதிப்புக்குப் பல ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கும் முறை. உபுண்டுவில் ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் இத்தகைய பதிப்புக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. இடைப்பதிப்புகளுக்கு 9 மாதமே. மாறாக, மெட்டா நிறுவனம் தொடர்ந்து மாறிவரும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் இயங்குதளத்தைத் தன் சர்வர்களில் இயக்குகிறது. பெரும் பொறியாளர் படை இருப்பதால் அதற்கு அது கட்டுப்படியாகிறது. சிறு நிறுவனங்களுக்கு நீண்டகாலப் பதிப்பே தக்கது. அடிக்கடி மேம்படுத்திச் சோதிக்க அங்கே ஆளிருக்காது. புதிய வன்பொருளுக்காகவும் இடைப்பதிப்பைத் தேட வேண்டியதில்லை, நீண்டகாலப் பதிப்புக்கே புதிய கெர்னல் தனியாகக் கிடைக்கிறது. ஆதரவு முடிந்த மென்பொருளைத் தவிர்க்குமாறு சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2021 வழிகாட்டுதல்கள் நிதி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கின்றன. அறிவித்த காலக்கெடுவும் சில வேளை சுருங்கும்: 2029 வரை எதிர்பார்க்கப்பட்ட சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது.