அம்பாசிடர் போடும் சத்தங்கள்: ஒரு சின்ன வரலாறு

வில்லியனூர், பாகூர் பக்கம் கல்யாணமோ பிரசவமோ, வாசலில் வந்து நிற்கும் வாடகைக் கார் ஒரு காலத்தில் அம்பாசிடர்தான். அதை ஓட்டியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? திடீரென்று பேச்சை நிறுத்தி, தலையைச் சாய்த்து, வண்டி என்ன சொல்கிறது என்று கேட்பார்கள்!

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடரைச் செய்ய ஆரம்பித்தது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்திய நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் பிறந்த கார் இது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை முகப்பு மாறியது, எஞ்சின் மாறியது, 1990களில் இசுஸு எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தது. ஆனால் முன்னால் எஞ்சின், அடியில் நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னால் டிஃபரன்ஷியல் என்ற அமைப்பு மட்டும் மாறவே இல்லை. அதனால்தான் அப்பா கற்ற சத்தம் பிள்ளைக்கும் பயன்பட்டது. இப்படி ஒரு வசதி வேறு எந்தக் காரின் மெக்கானிக்குக்கும் சுலபமாகக் கிடைத்திருக்காது.

அந்தக் காது வேலை செய்யும் விதம் எளிமையானது. சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

வண்டி நியூட்ரலில் நிற்கிறது. கிளச்சை மிதித்தால் சத்தம் வருகிறதா? கிளச் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நிற்கிறதா? கியர் பெட்டிக்குள் முதல் ஷாஃப்ட் பேரிங் அல்லது லே ஷாஃப்ட். ஓடும்போது மூன்றாவது வரை உறுமி, நான்காவதில் அடங்கினாலும் கியர் பெட்டிதான். ஏனென்றால் நான்காவது கியரில் சக்தி நேராகப் பின்னால் போய்விடும், லே ஷாஃப்டின் மேல் பாரம் விழாது. (பழைய நான்கு கியர் பெட்டியில் முதல் கியர் ஊளையிடுவது நோயே அல்ல. அதன் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, பிறவிக் குணம்!)

எல்லா கியரிலும் 'உய்ங்' என்று பாடி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சுருதி மாறினால் கிரவுன்-பினியன். காலை எடுத்தபின் பல்லின் மறுபக்கத்தில் பாரம் விழுவதால் அந்த மாற்றம். எந்த கியராக இருந்தாலும் சக்கர வேகத்தோடு மட்டும் 'கொர்ர்' ஏறி இறங்கினால் வீல் பேரிங். ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் திருப்பும்போது அது கூடினால் பாரம் ஏறிய வலப்பக்கத்து பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக 'டக்'. இது எங்கள் பெரியப்பாவின் கதை. கியர் போட்டு கிளச்சை விடும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு அடி. ஒரு பட்டறையில் கியர் பெட்டியையே இறக்கிவிட்டார்கள். நாலு நாள் வாடகை போச்சு, பணமும் போச்சு, சத்தம் மட்டும் போகவில்லை. பிறகு பாகூர் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்துக்குக் கல் வைத்து, அடியில் படுத்து, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பார்த்தார். ஃபிளாஞ்ச் அசையவில்லை, ஷாஃப்ட் மட்டும் அசைந்தது. மூட்டைச் சுற்றிச் செம்மண் மாதிரி துருப்பொடி. கிரீஸ் வற்றி நீடில் பேரிங் தேய்ந்த 'கிராஸ்'! பிரெஞ்சுக்காரர்கள் இந்த மூட்டைக் 'கார்டான்' என்பார்கள், 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால்.

அவர் எஞ்சின் சத்தம் கேட்க நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக்கொள்வார். 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, ஸ்டெதாஸ்கோப் பிறந்தது அப்படித்தான். கிட்டத்தட்ட அதே வேலை, நோயாளி மட்டும் வேறு :-)

2017இல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்சின் பெஜோ. பெயரை விற்கலாம், எந்த 'டக்' எங்கிருந்து வருகிறது என்பதை யாரிடம் விற்பது? அந்த மெக்கானிக் எதையும் எழுதி வைக்கவில்லை. நான் கேட்டு எழுதிக்கொண்டது மேலே உள்ள இவ்வளவுதான்.

கிராஸ் மாற்றியதும் பெரியப்பா வண்டியின் 'டக்' போய்விட்டது. முதல் கியர் ஊளை மட்டும் இன்னும் இருக்கிறது. அது இருக்கட்டும் என்கிறார்.