சிறைக்குள் ஒரு கல்லூரி

"எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" பழைய மாணவர்கள் கூடும் இடத்தில் முதலில் காதில் விழும் கேள்வி இதுதான். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் அடைபட்டுக் கிடந்த அரசியல் கைதிகள், தங்கள் சிறையையே 'பல்கலைக்கழகம்' என்று அழைத்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதல்ல அது.

ராபன் தீவு கேப் டவுனுக்கு எதிரே கடலில் இருக்கும் சின்னத் தீவு. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வேண்டாதவர்களைக் கொண்டுபோய் அடைத்த இடம். 1846 முதல் 1931 வரை தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்ததும் இங்கேதான். 1960-களில் நிறவெறி அரசு தன்னை எதிர்த்தவர்களை இங்கே அனுப்பத் தொடங்கியது. கடைசி அரசியல் கைதிகள் 1991-இல் வெளியேறினர். 1996-இல் சிறை மூடப்பட்டு, 1997-இல் அருங்காட்சியகமானது. 1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

படகில் போய் இறங்குகிறவர்களைப் பஸ்ஸில் ஏற்றிச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு அழைத்துப் போகிறார்கள். நெல்சன் மண்டேலாவும் தோழர்களும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆண்டுக்கணக்கில் வேலை செய்த இடம் அது. வெள்ளைக் கல்லில் வெயில் பட்டுத் தெறித்ததில் பலருக்குக் கண் கெட்டது. குவாரியின் ஓரத்தில் ஒரு குகை இருக்கிறது. அதுவே கழிப்பிடம், அதுவே வகுப்பறை! வால்டர் சிசுலு போன்ற மூத்தவர்கள் இயக்க வரலாறு சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் கற்பித்தார்கள். அனுமதி பெற்றவர்கள் அஞ்சல் வழியில் படித்துப் பட்டமும் வாங்கினார்கள். அகமது கத்ராடா அப்படிப் பல பட்டங்கள் பெற்றவர். ஆனால் படிப்பு அங்கே உரிமையல்ல, சலுகை. அதிகாரிகளுக்குக் கோபம் வந்தால் முதலில் பறிபோவது புத்தகம்தான்.

அடுத்து சிறைக் கட்டடம். 'பி' பிரிவில் மண்டேலா இருந்த அறை, ஒரு ஆள் கால் நீட்டிப் படுத்தால் சுவர் தட்டும் அளவுதான். அவர் சிறையிலிருந்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் இந்தத் தீவில் கழிந்தன. சாப்பாட்டிலும் நிறம் பார்த்தார்கள். இந்தியருக்கு ரொட்டி உண்டு, கறுப்பருக்குக் கிடையாது. இந்தியருக்கு முழுக்கால் சட்டை, கறுப்பருக்கு அரைக்கால் சட்டை. ஒன்றாகப் போராடியவர்களைத் தட்டிலும் துணியிலும் பிரிக்கிற தந்திரம். சாப்பாட்டுப் பாகுபாடு ஒழிய 1979 ஆயிற்று.

நமக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் காந்தியோடு நின்ற தமிழர் தம்பி நாயுடு. அவருடைய பேரன் இந்திரஸ் நாயுடு இந்தத் தீவில் பத்து ஆண்டுகள் கைதியாக இருந்தார். வெளியே வந்தபின் அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதினார்.

இதையெல்லாம் விட மனசைத் தைப்பது, சிறையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டிதான். அருங்காட்சியகம் திறந்த நாளிலிருந்தே இந்த வேலையில் முன்னாள் கைதிகள் இருந்திருக்கிறார்கள். 'அவர்கள் இங்கே படுத்தார்கள்' என்றில்லாமல், 'நாங்க இங்கே படுத்தோம்' என்று சொல்லக்கூடியவர்கள். தான் அடிபட்ட இடத்துக்கே தினமும் வேலைக்கு வருவது லேசான காரியமா? 1991-இல் இளைஞராக வெளியே வந்தவர்களுக்கே இப்போது வயதாகிவிட்டது. சுவரும் கம்பியும் இன்னும் நூறு வருஷம் நிற்கும். 'நாங்க' என்று சொல்ல ஆள் இருக்காது.

1995 பிப்ரவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முன்னாள் கைதிகள் அதே தீவில் மறுபடி கூடினார்கள். குவாரியை விட்டுக் கிளம்புமுன் மண்டேலா ஒரு கல்லை எடுத்துக் கீழே வைத்தார். பார்த்த மற்றவர்களும் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். அந்தக் கற்குவியல் இன்றும் அங்கே இருக்கிறது. எத்தனையோ பழைய மாணவர் சந்திப்புகள் நடக்கின்றன. இப்படி ஒன்று உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்குமா?

இந்த மலரைப் புரட்டும் இன்றைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், 'நாங்க' என்று சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேளுங்கள்.