தெரேசம்மாளின் 18 வறண்ட ஆண்டுகள்



இன்று அக்டோபர் 15, அவிலா நகர் புனித தெரேசாவின் திருவிழா. (சிறுமலர் தெரேசம்மாள் வேறு. இவர் அவருக்கு 350 ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். வகுப்பில் பாதிப் பேர் இருவரையும் குழப்பிக்கொள்வீர்கள்!)

என் பழைய மாணவி ஒருத்தி சென்ற மாதம் எழுதியிருந்தாள். ஒரு வருடமாகவே செபிக்க உட்கார்ந்தால் உள்ளே ஒன்றுமே இல்லையாம், மரக்கட்டை மாதிரி இருக்கிறதாம். "உன்னிடம் மறைந்த பாவம் ஏதோ இருக்கிறது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் செபமாலையையே கையில் எடுப்பதில்லை. அவளுக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தெரேசா 1515-ல் ஸ்பெயினில் பிறந்தார். 20 வயதில் அவிலாவிலேயே கார்மேல் சபை மடம் ஒன்றில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய். 1539-ல் நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தார். இறந்துவிட்டார் என்று மடத்தில் கல்லறைக் குழியே தோண்டிவிட்டார்கள். பிழைத்தார், ஆனால் கைகால் சரியாக வர ஏறக்குறைய மூன்று வருடம் ஆயிற்று.

நோய்க்கு வைத்தியம் தேடிப் போகும் வழியில் தந்தையின் உடன்பிறந்தவர் ஒரு புத்தகம் கொடுத்தார். பிரான்சிஸ்கோ தெ ஒசூனா எழுதிய 'மூன்றாம் ஞான அரிச்சுவடி'. மௌன செபத்துக்கு அதுதான் அவருக்குப் பாடப்புத்தகம். படித்தார், உட்கார்ந்தார். மனம்தான் நிற்கவில்லை. சுமார் 18 ஆண்டுகள் இப்படியே போயின. நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் ஒரு புத்தகம் இல்லாமல் செபத்துக்கு உட்காரவே துணியவில்லை என்று தன்வரலாற்றில் எழுதுகிறார். இன்னொன்றும் எழுதுகிறார்: எப்போது மணி அடிக்கும், எப்போது எழுந்து போகலாம் என்றே பல வருடம் காது கொடுத்துக் காத்திருந்தாராம். கடைசிப் பீரியடில் உங்கள் முகங்களைப் பார்த்தவள் நான், எனக்கு அது நன்றாகப் புரிகிறது.

நடுவில் ஒரு வருடத்துக்கும் மேல் தனி செபத்தையே விட்டுவிட்டார். தகுதியில்லாதவள் நான், இறைவன் முன் எப்படி உட்காருவேன் என்ற எண்ணம். பணிவு மாதிரிதான் தெரியும். அதையே தன் வாழ்வின் மிகப் பெரிய ஆபத்து என்று பிற்பாடு எழுதினார். தந்தையின் மரணத்துக்குப் பிறகு, தந்தைக்கு ஆன்ம ஆலோசகராக இருந்த தொமினிக்கன் குரு ஒருவர்தான் திரும்ப உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். வறட்சி தீரவில்லை, ஆனால் பிறகு விடவில்லை. என் மாணவி கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

வறட்சிக்கு அவருடைய பங்கும் உண்டு, அதை அவர் மறைக்கவில்லை. மடத்தின் பார்வையாளர் அறையில் ஊர்க்கதை பேசிக் கழித்த நேரங்களைச் சொல்லி வருந்துகிறார். ஆனால் எல்லா வறட்சிக்கும் பாவமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. உடல்நலம், பருவநிலை மாற்றம்கூட மனதைக் கலைக்கும் என்கிறார். 16-ஆம் நூற்றாண்டுப் பெண்ணுக்கு இருந்த இந்த விவேகம் நம் ஆட்களிடம் இல்லையே!

அவர் சொன்ன உவமை நம் ஊர்க்காரர்களுக்கு எளிது. செபம் ஒரு தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது. முதலில் கிணற்றில் வாளி விட்டுக் கையால் இறைப்பது, அடுத்து நீர்ச்சக்கரம், அடுத்து ஓடை, கடைசியில் மழை. கமலை இறைத்துக் கை காய்த்துப்போன தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம், முதல் வகையின் பாடு நமக்குத் தெரியும். வாளியை இறக்கினால் கிணற்றில் நீரே இல்லை என்றால்? தோட்டம் ஆண்டவருடையது, வாளியை இறக்குவது மட்டும் தோட்டக்காரன் வேலை, நீர் இல்லாத நாளில் செடியைக் காப்பது அவர் பாடு என்கிறார். அவிலா 1,100 மீட்டருக்கு மேல் உள்ள வறண்ட மேட்டு நிலம், வீட்டு வாசலில் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார்.

1554-ல், 39 வயதில், காயப்பட்ட கிறிஸ்துவின் சுரூபத்தின் முன் அழுதது திருப்பம். 1562-ல் புனித சூசையப்பர் பெயரில் சிறு மடம் தொடங்கினார், சாகும்போது 17 மடங்கள். அதற்கிடையிலும் வறண்ட நாட்கள் வந்து போயின.

1582 அக்டோபர் 4 இரவு இறந்தார். மறுநாள் தேதி அக்டோபர் 15! அன்றுதான் கிரகோரி பாப்பரசரின் புதிய நாட்காட்டி ஸ்பெயினில் நடைமுறைக்கு வந்தது. அந்தக் காணாமல் போன பத்து நாட்களின் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.