துரும்பும் உள்ளங்கையும்: ஊமைத்துரையின் சைகையும் சிறார் வீரக்கதையில் விடுபட்ட பயிற்சியும்

உடற்குறையுள்ள வீரர்களைப் பற்றிய தமிழ்க் கதைகளை ஆராய்ந்தோர் பலர் ஒரே முடிவையே சொல்லிவந்திருக்கிறார்கள். ஓர் உறுப்பில் குறை இருந்தால் வேறோர் ஆற்றல் பன்மடங்காகப் பெருகி அதை ஈடுகட்டும், கதை கேட்கும் சிறுவர் அந்த ஈட்டைக் கண்டு வியப்பர், குறை மறக்கப்படும். பாஞ்சாலங்குறிச்சி ஊமைத்துரையும் இந்த வாய்பாட்டுக்குள் அடைக்கப்பட்டுவிட்டார். அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக விரிவான சாட்சியம் இந்த வாய்பாட்டுக்கு இடம் தரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஈட்டைத் தேடியவர்கள் அச்சாட்சியத்தில் சொல்லப்பட்டிருக்கும் பயிற்சியைக் கவனிக்கவில்லை.

அந்தச் சாட்சியம் சென்னைப் படையின் ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். 1801ஆம் ஆண்டுப் போரில் அவர் பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிரே நின்றவர். ஊமைத்துரையை உயர்ந்து மெலிந்த, நோய்வாய்ப்பட்ட தோற்றமுள்ள இளைஞராக அவர் காட்டுகிறார். அடுத்து வருவது ஆலோசனைக் காட்சி. ஊமைத்துரை சில வைக்கோல் துரும்புகளை எடுத்து இடது உள்ளங்கையில் வரிசையாக அடுக்குகிறார். அதுவே ஆங்கிலப் படை. நேரத்தையும் பிறவற்றையும் வேறு சைகைகளால் குறிக்கிறார். பிறகு மற்றொரு கையால் துரும்புகளை ஒரேயடியாகத் துடைத்தெறிந்து, வாயால் சீறும் ஒலி எழுப்புகிறார். அதுவே தாக்குதலுக்கு ஆணை. ஆணையிட்டவரே தாக்குதலில் முன்னணியிலும் நிற்கிறார்.

கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம் வெல்ஷின் குறிப்புகளை விரிவாக எடுத்தாண்டது. அதன் பிறகு இந்தக் காட்சி ஊமைத்துரையின் அறிவுக்கூர்மைக்குச் சான்றாகவே படிக்கப்பட்டுவருகிறது. என் வாசிப்பு வேறு. இக்காட்சியில் வியப்புக்குரியவர்கள் துரும்பைச் சுற்றி நிற்பவர்கள். துரும்பு எதைக் குறிக்கிறது, எந்தச் சைகை எந்த நேரத்தைச் சொல்கிறது, சீறும் ஒலிக்கு என்ன பொருள் என்பவற்றை அவர்கள் ஒரே நாளில் கற்றிருக்க முடியாது. கிடைக்கும் கால அளவையும் பாருங்கள். 1799 அக்டோபர் 16 அன்று ஊமைத்துரையின் அண்ணன் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த ஊமைத்துரை தப்பியது 1801 பிப்ரவரி 2 அன்று. இடிக்கப்பட்ட கோட்டை சில நாள்களிலேயே மீண்டும் எழுந்தது. மார்ச் 31 அன்று ஆங்கிலத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. சிறையிலிருந்து வந்த இரண்டே மாதங்களில் ஒரு பெரும்படை அவருடைய சைகையைப் படித்து இயங்கியதென்றால், அந்த மொழி அதற்கு முன்பே, அவருடைய இளமையிலேயே, சுற்றத்தாரிடையே வேரூன்றியிருக்க வேண்டும். இது ஊகம்தான், ஆனால் நாள்கள் நம்மை இட்டுச்செல்லும் ஊகம். உண்மையில் பயின்றவர்கள் அவரைச் சூழ்ந்திருந்தவர்கள்.

இச்சாட்சியத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். வெல்ஷ் ஆலோசனை மன்றத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. செவிவழிச் செய்தியை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சிட்டார். கீழ்த்திசை அதிசயம் தேடும் ஆங்கிலக் கண் அவருடையது என்பார்கள். முதல் இரண்டையும் ஏற்கிறேன். மூன்றாவது முழுதும் பொருந்தாது. ஈட்டி எறிவதையும் வளரி வீசுவதையும் தமக்கு முதலில் கற்றுத்தந்தவர் சின்னமருது என்று வெல்ஷே எழுதியிருக்கிறார். இம்மண்ணின் போர்க்கலையை மாணவராக இருந்து கற்ற கண் அது. ஓர் அசைவு எப்படிக் கைமாறுகிறது என்பதை அது அறியும். வெறும் அதிசயம் வேண்டியிருந்தால் அவர் தெய்வ அருள் என்று முடித்திருக்கலாம். உள்ளங்கை, துரும்பு, ஒலி என்று செய்முறையை அடுக்க வேண்டியதில்லை. ஊமைத்துரைக்கு முழுதும் பேச்சு இல்லையா, திக்குவாய்தானா என்ற நெடுநாள் விவாதம் இங்கே தேவையற்றது. எதுவாயினும் ஆணை கையால் சென்றது என்பதே சாட்சியம் சொல்வது.

மே 24 அன்று கோட்டை வீழ்ந்த பின் நடந்ததாக வெல்ஷ் தரும் நிகழ்ச்சியும் இதற்கு வலுச்சேர்க்கிறது. களத்தில் மகனைத் தேடிவந்த தாயிடம், சாகும் தறுவாயில் இருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகே காயமுற்றுக் கிடக்கும் சாமியை, அதாவது ஊமைத்துரையை, காப்பாற்றும்படி சொல்கிறான். தேடிவந்த எட்டயபுரத்து வீரர்கள் நெருங்கியதும், பெண்கள் அவர்மேல் துணி போர்த்தி, அம்மையில் இறந்தவர் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் விலகி ஓடுகிறார்கள். துரும்புக் காட்சியில் இருந்த அதே உறவு இங்கும் இருக்கிறது. அவர் உடல் எதைச் செய்ய இயலாதோ அதைச் சுற்றியிருந்தவர் தம் வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

இந்த உறவை மையமாக வைத்தே எழுதப்பட்ட சிறார் தொடர் ஒன்று உண்டு. ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாண்டி ஃபஸ்ஸலின் 'சாமுராய் கிட்ஸ்' தொடர், 2008இல் 'ஒயிட் கிரேன்' நாவலுடன் தொடங்கியது. ஓவியம் ரியன் நெஸ்ட் ஜேம்ஸ். ஒற்றைக்கால் சிறுவன் நியா மோட்டோ கதை சொல்கிறான். அவனைச் சேர்த்துக்கொண்ட ஒரே பள்ளி, முதிய ஆசான் கி-யாகா நடத்தும் கரப்பான்பூச்சிப் பள்ளி. பார்வையற்ற தாஜி, ஒரு கையுள்ள மிக்கோ, கூடுதல் விரல்கள் கொண்ட கியோகோ ஆகியோர் உடன் பயில்கிறார்கள். இதிலும் ஈட்டுக் கோட்பாட்டைப் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் நாவலின் பக்கங்களை நிரப்புவது பயிற்சி: விழுவது, எழுவது, ஒருவர் உடலை மற்றவர் அறிந்து நடப்பது. குறை முன்னே இருக்கிறது. கல்வி பின்னே வருகிறது.

தமிழ்ச் சிறார் அறிந்த கதைகளில் இந்த வரிசை தலைகீழ். ஏகலைவன் முதலில் கற்கிறான். கட்டைவிரல் பிறகு போகிறது, அதுவும் கல்விக்குத் தண்டனையாக. கல்கியின் பொன்னியின் செல்வனில் விசயாலயன் திருப்புறம்பியம் களத்துக்குத் தோளில் சுமந்து வரப்படும்போது அவன் ஏற்கெனவே முதிர்ந்த மாவீரன். 1972இல் முத்து காமிக்ஸ் அறிமுகப்படுத்திய இரும்புக்கை மாயாவி இழந்த கைக்கு உலோகக் கை பெறுகிறான். மின்சாரம் பாய்ந்தால் மறைகிறான். பயிலவேண்டிய தேவையே அவனுக்கு இல்லை. குறையோடு தொடங்கி, தோழர்களோடு கற்று, போர்வீரராகும் சிறுவர் இம்மூன்றிலும் இல்லை. நம்மிடம் அப்படியொருவர் வரலாற்றிலேயே இருந்திருக்கிறார்: ஊமைத்துரை. 1801 நவம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்ட முடிவைச் சிறுவர்க்கு மனப்பாடமாக்கியிருக்கிறோம். அவருடன் வளர்ந்தவர்கள் சைகை கற்ற ஆண்டுகளை ஒருவரும் எழுதவில்லை.

இது தென்பாண்டி நாட்டுக்கு மட்டும் உரிய கதை என்று ஒதுக்குவதும் சரியன்று. பாஞ்சாலங்குறிச்சி அரச குடும்பம் தெலுங்கு பேசும் கம்பளத்தார் மரபு; ஊரைச் சூழ்ந்த நிலமோ தமிழ் பேசியது. இரு மொழியாரும் ஒரே கையைப் பார்த்துப் புறப்பட்டார்கள் என்று கருத இடமுண்டு. அத்தகைய மொழிக்கலப்பு இன்றும் உண்டு: ஓசூர்–ராயக்கோட்டைச் சாலையிலுள்ள சானமாவு போன்ற எல்லையோர ஊர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. ஓசூர்த் தொழிற்பேட்டைகள் தொலைமாநிலக் குடும்பங்களையும் அழைத்துவந்திருக்கின்றன. வீட்டுமொழி வேறான பிள்ளையோடு விளையாடக் கற்ற சிறுவருக்கு, பேச்சில்லாத் தலைவனின் படை எப்படி இயங்கியது என்பதை விளக்கவே வேண்டியதில்லை. அக்கதை முதலில் எழுதப்பட வேண்டிய இடங்களில் ஓசூர்ப் பகுதியும் ஒன்று என்பேன்.

வரலாற்றில் இல்லாததைச் சிறுவர்க்குச் சொல்லலாமா என்ற தயக்கம் என்னைத் தடுக்கவில்லை. ஈட்டுக் கதையும் வரலாற்றில் இல்லாததுதான். அது தவறான பாடத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பேராற்றல் இருந்தால்தான் உனக்கு இடம் என்று மாற்றுத்திறனாளிச் சிறுவரிடமும், வியந்தால் போதும் என்று மற்றவரிடமும் சொல்கிறது. வெல்ஷின் சாட்சியம் மற்றவர்மீது ஒரு கடமையைச் சுமத்துகிறது: அவர் மொழியை நீ கற்றுக்கொள். ஊமைத்துரையைச் சிறார்க்கு எழுத வருபவர் தொடங்கவேண்டிய இடம் தூக்குமேடையோ கோட்டைச் சுவரோ இல்லை. அந்தச் சைகைகளைத் தட்டுத்தடுமாறிக் கற்ற தோழர்களின் முதல் பாடம்.